சக்திமானுக்கு ஒரு நம்பர் பிளேட்

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மத்திய அரசின் அந்நிய வர்த்தக இயக்குநரகம் ஒரு விதியைத் தளர்த்தியது. அதுவரை, 1950 ஜனவரி 1க்கு முன்பு தயாரான வாகனங்களைத்தான் ‘விண்டேஜ்’ கணக்கில் உரிமம் இல்லாமல் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய முடிந்தது. இப்போது வண்டிக்கு 50 வயது ஆகியிருந்தால் போதும். ரோல்ஸ்ராய்ஸ், காடிலாக் சேகரிப்பவர்கள் இதைக் கொண்டாடினார்கள். ஆனால் இந்தத் தளர்வால் அதிகம் பயன்பெறக்கூடியவர்கள் காடு, மேடு, சேறு, மணல் என்று ஏறி இறங்கும் பழைய நான்கு சக்கர இழுவை வண்டிகளில் உயிரை வைத்திருப்பவர்கள்தான்.

வண்டிகளின் பிறந்த தேதியைப் பார்த்தால் இது புரியும். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப், ஐந்தரை லட்சத்துக்கு மேல் தயாரான அமெரிக்க ராணுவ லாரியான ஜி.எம்.சி. சி.சி.கே.டபிள்யூ. இரண்டும் பழைய விதிக்குள்ளேயே அடங்கும். லேண்ட் ரோவர் 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது என்பதால் அதன் முதல் ஒன்றரை வருட வண்டிகள் மட்டும் தப்பித்தன. 1955இல் தயாரிக்கத் தொடங்கிய யூனிமாக் 404 லாரி, 1960இன் டொயோட்டா லேண்ட் க்ரூசர் எஃப்.ஜே. 40, 1966இன் ஃபோர்டு பிராங்கோ எல்லாம் கதவுக்கு வெளியே நின்றன. உலகம் முழுக்க விவசாயியும் வனக்காவலரும் ஓட்டித் தேய்த்த தலைமுறை அது. புதிய விதி இறக்குமதிக் கதவைத் திறந்தது அந்தத் தலைமுறைக்கு.

அப்படி ஒரு வண்டி சென்னைக்கு வந்தால், அதற்கு உயிர் கொடுக்க மேற்குப் புறநகரைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. பாடி மேம்பாலத்திலிருந்து அம்பத்தூர் வழியாக ஆவடி வரை, அங்கிருந்து தெற்கே பூந்தமல்லி வரை ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. 1959இல் டன்லப் டயர் தொழிற்சாலை வந்தது. 1960களின் தொடக்கத்தில் டி.வி.எஸ். குழுமத்தின் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் எல்லாம் பாடியில் அடுத்தடுத்து எழுந்தன. இவற்றில் பல, இங்கிலாந்து நிறுவனங்களோடு கைகோத்துப் பிறந்தவை. பழைய லேண்ட் ரோவரின் மின்சாதனம் லூகாஸ், பிரேக் கர்லிங். பிரேக்ஸ் இந்தியா தொடங்கியது லூகாஸ் கர்லிங் கூட்டுறவில். அந்த வகையில், பிரிட்டனில் செய்த அந்த வண்டிக்குப் பாடியில் ரத்த உறவு உண்டு.

பெரிய ஆலைகளைச் சுற்றி வளர்ந்தவைதான் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஆயிரக்கணக்கான சிறு பட்டறைகள். பழைய வண்டிக்குக் கடவுள் இங்கேதான் இருக்கிறார். ஒரு பிரேக் சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வருடம் நின்ற வண்டியில் பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும். சிலிண்டரின் உள்சுவர் அம்மைத் தழும்பாகக் குழி விழுந்திருக்கும். அதன் மேல் புது ரப்பர் வாஷரைப் போட்டால் ஒரு வாரத்தில் கிழிந்துவிடும். புதுச் சிலிண்டர் வேண்டுமென்றால் லண்டனிலிருந்தோ ஒசாகாவிலிருந்தோ வர வேண்டும், வராமலும் போகலாம். லேத் பட்டறையில் அந்தச் சிலிண்டரைச் சக்கில் பிடித்து, குழிகள் மறையும்வரை உள்ளே போர் அடிப்பார்கள். பித்தளையிலோ துருப்பிடிக்காத எஃகிலோ மெல்லிய ஸ்லீவ் ஒன்றைக் கடைந்து இறுக்கமாக உள்ளே தட்டி இறக்குவார்கள். பிறகு பழைய அளவு வரும்வரை ஹோன் செய்வார்கள். வேலை முடிந்ததும் சிலிண்டரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்ப்பார்கள். ஒளி ஒரே வளையமாக, நடுவில் முறியாமல் ஓடினால் சரி. முறிந்தால் மறுபடி சக்கில் ஏறும். அந்தச் சிலிண்டர் முதலில் எந்த நாட்டில் வார்க்கப்பட்டது என்பது அங்கே யாருக்கும் ஒரு பொருட்டில்லை.

கிங்பின் புஷ், கன்மெட்டலில் கடைந்து கிரீஸ் ஓட வழி வெட்டியது. அரைப் பல் போன கிரவுன், பினியன். தொய்ந்த பட்டையைக் கழற்றிச் சூடேற்றி வளைவு திருத்திய ஸ்பிரிங் கட்டு. ரேடியேட்டருக்குப் புதிய கோர். எல்லாமே இந்தப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் ஆகக்கூடியவை. மிச்சத்துக்குப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகள் இருக்கின்றன.

கை வேலைக்குக் குறையில்லை. இடறுவதெல்லாம் காகிதத்தில்தான்.

துறைமுகம் முதல் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரை

சாதாரணமான செகண்ட் ஹேண்ட் வண்டியைக் கொண்டுவர நினைப்பவர்களுக்கு விதிகள் கடுமை. வண்டி தயாராகி மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்க வேண்டும். கண்ணெதிரே சென்னைத் துறைமுகமும் எண்ணூரும் இருந்தாலும் மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். ஆகவே பத்து, இருபது, முப்பது வயது வண்டிகளுக்கு வழியே இல்லை. ஒன்று குழந்தையாக இருக்க வேண்டும், அல்லது கிழமாக இருக்க வேண்டும்.

கிழத்துக்கும் வரி குறைவில்லை. வண்டியின் விலை, கப்பல் கூலி, காப்பீடு மூன்றையும் கூட்டிய மதிப்பின் மேல் சுங்கம் விழும். பயன்படுத்திய காருக்கு அந்தச் சுங்கமே வண்டியின் மதிப்பைத் தாண்டும். சுங்கத்தோடு சேர்ந்த தொகையின் மேல் ஜி.எஸ்.டி. வேறு. பத்து லட்ச ரூபாய் மதிப்புள்ள வண்டி துறைமுகத்தின் வாசலைத் தாண்டும்போது முப்பது லட்சத்தைத் தாண்டிவிடும். உரிமம் வேண்டாம் என்ற செய்தியை மட்டும் படித்துவிட்டு வெளிநாட்டு ஏலத்தில் கை தூக்குபவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுவிட வேண்டும்.

கப்பலில் ஏற்றுவதும் அளவு பார்த்துச் செய்யும் வேலை. இருபதடி கன்டெய்னரின் உள்நீளம் ஆறு மீட்டருக்குச் சற்றுக் குறைவு, கதவின் உயரம் ஏறக்குறைய 2.28 மீட்டர். நாலு மீட்டருக்கும் குறைவான எஃப்.ஜே. 40 தாராளமாக நுழையும். ஏறக்குறைய ஏழு மீட்டர் நீளமுள்ள ஜி.எம்.சி. லாரிக்கு நாற்பதடி வேண்டும். உயரமான ராணுவ லாரியென்றால் மேற்கூரை வளைவுகளைக் கழற்ற வேண்டியிருக்கும். அடிப்பக்கத்துச் சேற்றை ஏற்றுமதியாகும் ஊரிலேயே கழுவிவிட வேண்டும். அந்நிய மண் உள்ளே வருவதற்கு இந்தியாவில் கட்டுப்பாடு உண்டு. சக்கரக் கிண்ணத்தில் ஒட்டியிருக்கும் ஒரு கட்டி மண்ணுக்காக வண்டி துறைமுகத்தில் நின்றால், நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஓடும்.

இடது பக்க ஸ்டீயரிங் வண்டியை இந்தியச் சாலையில் ஓட்டவே முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 120ஆவது பிரிவு அப்படிச் சொல்லவில்லை. இடது ஸ்டீயரிங் வண்டியில் விதிப்படியான, வேலை செய்கிற சிக்னல் கருவி இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது.

அடுத்தது பதிவு. 2021 ஜூலையில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விண்டேஜ் வாகனங்களுக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த வண்டி, அசல் வடிவம் மாறாமல் இருந்தால், அதற்கு மாநில எழுத்துகளுக்குப் பிறகு ‘வி.ஏ.’ என்று வரும் தனி நம்பர் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். அந்த நம்பரை வைத்துக்கொண்டு தினமும் ஆபீஸ் போக முடியாது. கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது, இவற்றுக்காக மட்டும் சாலையில் இறங்கலாம். நல்ல விதிகள். பழைய வாகனம் என்றாலே குப்பை என்று பார்த்த அரசு, முதன்முறையாக அதற்கு ஒரு மரியாதை கொடுத்தது.

ஆனால் அந்த மரியாதை யாருக்கு? விதி சொல்வது இரு சக்கர வாகனங்களையும் பயணிகள் கார் வகையையும்தான். ஜீப்பும் லேண்ட் க்ரூசரும் பயணிகள் வகையில் புகுந்துவிடும். சரக்கு வகையைச் சேர்ந்த லாரிக்கு அங்கே இடமில்லை. எத்தனை வயதானாலும், எத்தனை போர் கண்டிருந்தாலும், லாரி சட்டத்தின் கண்ணில் வெறும் பழைய லாரிதான். அம்பத்தூர் ஆர்.டி.ஓ. ஆபீசில் 1938 மாடல் கார் விண்டேஜ் நம்பர் கேட்கலாம். 1962இல் இமயமலை ஏறிய லாரி கேட்க முடியாது.

ஒரு பழைய இறக்குமதியின் கதை

இந்த ஊருக்குப் பழைய வண்டி இறக்குமதி புதிதல்ல. அதன் மிகப் பெரிய பாடம் சென்னைத் துறைமுகத்தில்தான் வந்து இறங்கியது.

1948. காஷ்மீரில் போர் நடக்கிறது, ராணுவத்துக்கு ஜீப் வேண்டும். லண்டனில் இந்திய ஹை கமிஷனராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன், பழுது நீக்கிய 2,000 ஜீப்புகளுக்கு ஒரு வெளிநாட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார். மதிப்பு ஏறக்குறைய 80 லட்ச ரூபாய். வண்டிகளைச் சரியாகச் சோதித்துப் பார்க்காமலேயே பெரும்பகுதிப் பணம் கைமாறியது. 1949இல் 155 ஜீப்புகள் சென்னை வந்து சேர்ந்தன. அவை ஓட்டத் தகுதியற்ற நிலையில் இருந்தன. சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய கொள்முதல் ஊழல் புகார் என்று வரலாற்றில் நிற்பது இதுதான். 1955 செப்டம்பர் 30 அன்று உள்துறை அமைச்சர் கோவிந்த் வல்லப் பந்த், விவகாரம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார்.

அதே 1955இன் ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடியிருந்தது. யு.என். தேபர் தலைமையில், சோஷலிச பாணிச் சமுதாயமே குறிக்கோள் என்ற தீர்மானம் அங்கே நிறைவேறியது. வெளிநாட்டு வண்டியை உதிரிகளாக வரவழைத்துக் கோத்து விற்றுக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்சும் ஃபோர்டும், இங்கேயே தயாரிக்கத் திட்டம் இல்லாதவர்களுக்கு இடமில்லை என்று அரசு சொன்னதும் அதற்கு முன்பே கிளம்பிவிட்டன. அந்நியச் செலாவணி நெருக்கடியும் சேர, வெளிநாட்டு வண்டி என்பது அடுத்த முப்பது வருடங்களுக்குச் சாமானியர் கைக்கு எட்டாத பொருளானது.

1957இல் பாதுகாப்பு அமைச்சரானவர் யார்? அதே கிருஷ்ண மேனன். இந்த முறை அவர் காலத்தில் நாடு செய்தது வேறு. பழைய வண்டியை வாங்கவில்லை. வண்டி செய்யும் உரிமையை வாங்கியது. ஜெர்மனியின் மான் நிறுவனத்தோடு ஒப்பந்தமாகி, 1959இல் ஜபல்பூரில் ‘சக்திமான்’ லாரி பிறந்தது. நல்ல சாலையில் ஐந்து டன், சாலை இல்லாத இடத்தில் மூன்று டன் என்பது அதன் சுமைக் கணக்கு. ஜப்பானின் நிசான் நிறுவனத்திடமிருந்து ஒரு டன் லாரி வந்தது. பிறகு 1969இல், நிசான் பேட்ரோலை அடிப்படையாகக் கொண்ட ‘ஜோங்கா’ வந்தது. கிட்டத்தட்ட நாலு லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். சக்திமான் 1996 வரை, ஜோங்கா 1999 வரை தயாராயின. ஆரம்பத்தில் உதிரிகள் கப்பலில் வந்தன, போகப்போக இங்கேயே வார்க்கப்பட்டன. ஆவடியிலும் அதே வழிதான். பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைத்த விஜயந்தா டாங்கி 1965இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது.

இந்த இரண்டு அத்தியாயங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். கண்ணால் பார்க்காமல் வாங்கிய 155 ஜீப்புகளால் ஒரு பயனும் இல்லை. வரைபடத்தோடும் உரிமையோடும் வாங்கிய லாரி நாற்பது வருடம் நாட்டைச் சுமந்தது. இன்றைக்கு ஆஸ்திரேலியாவிலோ ஜெர்மனியிலோ ஒரு கிழட்டு லாரிக்கு முன்பணம் அனுப்பப் போகிறவர், கப்பலேற்றும் முன் நம்பகமான ஒருவரை அனுப்பிச் சேஸிஸ் சட்டகத்தையும், இன்ஜின் நம்பரையும், முதல் பதிவுச் சான்றையும் பார்க்கச் சொல்வது அவசியம். முதல் பதிவுத் தேதிக்குக் காகிதம் இல்லாவிட்டால் 50 வயதை நிரூபிக்கவே முடியாது.

குறுக்கு வழி தேடியவர்களுக்கு நேர்ந்ததையும் பார்த்தோம். 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை ‘ஆபரேஷன் நும்கோர்’ என்ற பெயரில் சோதனை நடத்தியது. பூட்டானில் கழித்துவிடப்பட்ட வண்டிகள், பொய் ஆவணங்களோடு எல்லை தாண்டி, வேறு மாநிலங்களில் பதிவாகிக் கேரளத்துக்கு வந்தன என்பது புகார். திரை நட்சத்திரங்களின் வீடுகள் வரை சோதனை போனது. முதல் நாளே 36 வண்டிகள் பறிமுதல் ஆயின. சிக்கிய பெயர்களைப் பாருங்கள்: லேண்ட் க்ரூசர், லேண்ட் ரோவர். ஆசை எவ்வளவு பெரிது, நேர்வழி எவ்வளவு குறுகலாக இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. வழி குறுகலாக இருந்தது என்பதற்காகப் பொய்க் காகிதத்தை நியாயப்படுத்த முடியாது. ஆனால் நேர்வழியை அகலப்படுத்தும் பொறுப்பு அரசுக்கு உண்டு.

நம் வீட்டுக் கிழவர்கள்

வெளிநாட்டு லாரிக்கு ஏங்கும் அதே நேரத்தில், நாமே வரவழைத்து, நாமே வளர்த்த லாரிகள் நம் கண்முன்னால் உருகிக்கொண்டிருக்கின்றன. ராணுவம் கழித்துவிடும் வண்டிகள் எம்.எஸ்.டி.சி. மின் ஏலத்துக்கு வருகின்றன. அங்கிருந்து மலைப்பகுதிகளில் மரம் ஏற்ற, கல் ஏற்றப் போனவை உண்டு. காயலாங்கடைக்குப் போனவைதான் அதிகம். 2023 ஏப்ரல் முதல் 15 வருடம் கடந்த அரசு வாகனங்களின் பதிவு புதுப்பிக்கப்படுவதும் நின்றுவிட்டது. பாதுகாப்புப் பணிக்கான சிறப்பு வாகனங்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் வனத்துறையின் பழைய ஜீப்புக்கு இல்லை.

கிரிக்கெட் வீரர் மகேந்திர சிங் தோனி 2019இல் ஒரு ஜோங்காவை வாங்கி ராஞ்சியில் ஓட்டியபோது, அந்தப் பெயரையே பல இளைஞர்கள் முதன்முறையாகக் கேள்விப்பட்டார்கள். சென்னையில் சேப்பாக்கம் தாண்டிப் பரவிய, அவர் ஜோங்கா ஓட்டும் படம், பழைய ராணுவ வண்டிகளுக்கு ஒரு புது ரசிகர் கூட்டத்தையே உண்டாக்கியது. இத்தனைக்கும் அது பொக்கிஷம் என்று யாரும் பூட்டிவைத்த வண்டி அல்ல, ராணுவம் கழித்துவிட்ட வண்டி.

மேற்கு வங்கத்தில் மானேபஞ்சாங் என்ற மலைக்கிராமத்திலிருந்து சந்தக்பூ சிகரத்துக்கு இன்றும் 1950களின் லேண்ட் ரோவர்கள் சவாரி போகின்றன. ஆங்கிலேயத் தேயிலைத் தோட்டக்காரர்கள் விட்டுப்போனவை. ஊர் ஓட்டுநர்கள் அவற்றைக் கைவிடவில்லை. பலவற்றில் அசல் இன்ஜின் போய் மகிந்திரா டீசல் இன்ஜின் வந்துவிட்டது. நம் ஊரிலும் அதே கதைதான். போருக்குப் பின் ஏலத்தில் வந்த அமெரிக்க லாரிகளில் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு, செம்பியத்தில் சிம்சன் தயாரித்த பெர்கின்ஸ் டீசலை ஏற்றினார்கள். பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாத ஊரில் வண்டியைக் காப்பாற்றிய வேலை அது. ஆனால் ‘அசல் வடிவம் மாறாமல்’ என்ற விதியின் முன், அந்த வேலையே குற்றமாகிவிடுகிறது. இதில் எனக்கு உடன்பாடில்லை. பல பத்தாண்டுகளுக்கு முன் உள்ளூர்ப் பட்டறை செய்த மாற்றமும் அந்த வண்டியின் சரித்திரம்தான். போன வருடம் ஏற்றிய மியூசிக் சிஸ்டத்தையும் 1950களில் ஏற்றிய பெர்கின்சையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

கார்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது. கோவையில் ஜி.டி. கார் மியூசியம் 2015 முதல் இருக்கிறது. வடபழனி ஏவி.எம். ஸ்டுடியோவில் பழைய கார்களும் சினிமாக் கருவிகளுமாக ஓர் அருங்காட்சியகம் 2023 மே மாதம் திறந்தது. இரண்டையும் பார்க்க வேண்டும், பிள்ளைகளையும் கூட்டிப்போக வேண்டும். டாங்கிகளுக்கென்று மகாராஷ்டிரத்தின் அகில்யாநகரில் (பழைய அகமதுநகர்) 1994 முதல் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. சுமை சுமந்த லாரிக்கு மட்டும் ஏன் இருக்கக் கூடாது?

இந்தக் கேள்வியை ஆவடியிடம்தான் கேட்க வேண்டும். அதற்குக் காரணம் இருக்கிறது. 2021 அக்டோபர் 1 அன்று ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு நிறுவனங்களாகப் பிரித்தார்கள். அதில் ஒன்று ‘ஆர்மர்ட் வெஹிக்கிள்ஸ் நிகாம்’. அதன் தலைமையகம் ஆவடி. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையும் இன்ஜின் தொழிற்சாலையும் மட்டும் அல்ல, சக்திமானையும் ஜோங்காவையும் தயாரித்த ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையும் அதன் கீழேயே வருகிறது. அந்த லாரிகளின் வரைபடங்களுக்கும் அச்சுகளுக்கும் இன்றைய பொறுப்பாளர்கள் ஆவடிக்காரர்கள்.

வேண்டியது இரண்டு. சாலைப் போக்குவரத்து அமைச்சகம், 2021 விதிகளின் விண்டேஜ் வரையறையில் சரக்கு வாகன வகையையும் சேர்க்க வேண்டும். சுமை ஏற்றக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது, ராலிக்கும் கண்காட்சிக்கும் மட்டும் என்ற நிபந்தனைகள் அப்படியே இருக்கட்டும். காருக்கு இருக்கும் அதே நிபந்தனைகள்தானே. அது நடந்தால், வெளிநாட்டிலிருந்து வரும் யூனிமாக்குக்கும் ஏலத்தில் போகும் சக்திமானுக்கும் ஒரே நாளில் வழி பிறக்கும். பாடியிலும் அம்பத்தூரிலும் இருக்கும் பட்டறைகளுக்குக் கார் கம்பெனி ஆர்டர் குறையும் மாதங்களில் கை நிறைய வேலையும் வரும்.

இரண்டாவது, ஏலத்துக்குப் போகும் முன் ஒவ்வொரு வகையிலும் ஓடும் நிலையில் ஒன்றை எடுத்து வைப்பது. சக்திமான் ஒன்று, நிசான் ஒரு டன் ஒன்று, ஜோங்கா ஒன்று, பிறகு வந்த ராணுவ லாரியான ஸ்டாலியனின் முதல் தலைமுறை வண்டி ஒன்று. தொழிற்சாலையில் ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் ஆவடியிலும் பட்டாபிராமிலும் திருமுல்லைவாயிலிலும் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். ஷெட் ஒன்றும் டீசலும் கொடுத்துக் கூப்பிட்டால் வந்து ஓட்டிக் காட்டுவார்கள். அதற்கான உத்தரவில் கையெழுத்துப் போடக்கூடிய அலுவலகத்துக்கு டெல்லி போக வேண்டியதில்லை, ஆவடி ஸ்டேஷனில் இறங்கினால் போதும்.